முன்மொழிந்த பத்துப் பேர்

இன்றைக்கும் தேர்தல் தேதி அறிவித்தால் நான் டிவியை அணைத்துவிடுவேன். காரணம் என் அரைகுறைப் படிப்பு.

2004 நாடாளுமன்றத் தேர்தலில், ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பிலிருந்து ஓர் அண்ணன் சுயேச்சையாக நின்றார். பாகலூர் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. நிலம் பாதி தமிழ்நாட்டில், பாதி கர்நாடகாவில். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். ஓட்டு மட்டும் கர்நாடகாவில் இருந்தது. அவருடைய வேட்புமனுவை நிரப்பியவன் நான்தான். கிருஷ்ணகிரியில் கர்நாடக வாக்காளர் பட்டியலின் நகலைக் கொடுத்தோம். அதிகாரி பார்த்தார், ஏற்றுக்கொண்டார். அண்ணன் தோற்றார், அது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் என்னை எல்லோரும் வக்கீல் என்றே கூப்பிட்டார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அப்போது எங்கள் தொழிற்சாலையில் அண்ணனும் நானும் நிரந்தரம், பாதிக்குமேல் காண்ட்ராக்ட் ஆட்கள். நிரந்தரம் என்ற வார்த்தையைத் தொழிற்சாலை கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாலே மறுநாள் அவர்களுக்கு வேலை இருக்காது. அண்ணன் வேட்பாளராகிவிட்டால் இரண்டு வாரம் கேட்டுக்கு எதிரே மைக் பிடித்து அதைப் பேசலாம், தேர்தல் முடியும்வரை நிர்வாகம் யார்மேலும் கை வைக்கத் தயங்கும். இதுதான் திட்டம். என் திட்டம்.

சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். நாடாளுமன்றத்துக்கு, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த அண்ணனின் உறவுக்காரர்களும் விவசாயிகளும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை காண்ட்ராக்ட் ஆட்களே போட்டால்தான் வேகம் இருக்கும் என்றேன். ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாவதாக பேக்கிங்கில் இருந்த பெண்ணிடம் போனேன். புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை. பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் நின்றார்.

"அண்ணா, இதால வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களா?"

"அரசியல் சட்டம் குடுத்த உரிமைம்மா. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

கையெழுத்துப் போட்டார். நான் போடவில்லை. போட முடியாது. என் ஓட்டு விருதுநகர் பக்கம் சொந்த ஊரில் இருந்தது.

மனுவைக் கொடுத்த அன்று சாயங்காலம் சப்-கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் விவரம் ஒட்டினார்கள். வேட்பாளர் பெயர், அவருக்குக் கீழே முன்மொழிந்த பத்துப் பேரின் பெயர்கள். போர்டு முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் தொழிற்சாலை ஹெச்.ஆர். ஆள். என்னைப் பார்த்ததும் சிரித்து, "சாப்டீங்களா?" என்று கேட்டார். அண்ணனிடம் சொன்னேன்.

"எழுதட்டும் தம்பி. நாளன்னிக்கு மனு செல்லுபடி ஆயிட்டா, அவங்களே நம்மள பார்த்து ஒதுங்குவாங்க."

பரிசீலனை அன்று காலை பதினோரு மணி. அண்ணன் துவைத்த வேட்டியில் வந்திருந்தார். அதிகாரி எங்கள் மனுவைப் புரட்டினார், நின்றார், பட்டியல் நகலைத் திரும்ப எடுத்தார்.

"இது கர்நாடகா லிஸ்ட் இல்ல?"

"ஆமா சார். எம்பி எலெக்‌ஷனுக்கு இதே பேப்பர்தான் குடுத்தோம், ஒத்துக்கிட்டாங்க" என்றேன் நான், ரொம்ப மிதப்பாக.

அவர் என்னைத் திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். "பார்லிமெண்டுக்குப் போறதுக்கு இந்தியாவுல எந்தத் தொகுதியில ஓட்டு இருந்தாலும் போதும். சட்டசபைக்கு இந்த மாநிலத்துல ஏதாவது ஒரு தொகுதியில இருக்கணும். இவருக்கு இல்ல."

பெரிய சபைக்குச் செல்லும் காகிதம் சின்ன சபைக்குச் செல்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லையில் இருக்கிற எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மனு தள்ளுபடி. அண்ணன் வெளியே வந்து, "ஏன் தம்பி, டெல்லிக்கு ஆவறவன் மெட்ராசுக்கு ஆவமாட்டனா?" என்று கேட்டார். நோட்டீஸ் போர்டில் அந்தப் பத்துப் பெயர்கள் அப்படியே இருந்தன.

வீட்டுக்குப் போய்த் தேர்தல் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நாடாளுமன்றத்துக்கான பிரிவில் அடிக்கோடு போட்டு நிறுத்தியிருந்தேன். பக்கத்தைத் திருப்பினால் சட்டமன்றத்துக்கானது. அந்த மாநிலத்தின் எந்தத் தொகுதி வாக்காளரும் நிற்கலாம் என்று இருந்தது. விருதுநகர் பக்கத்து ஓட்டை வைத்துக்கொண்டு என்னால் ஓசூரில் முன்மொழியத்தான் முடியாது. நிற்க முடியும். நானே நின்றிருந்தால் மனு செல்லுபடியாகியிருக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான். அதைவிடப் பயம்.

திங்கட்கிழமை மூன்று பேருடைய கேட் அட்டை நிறுத்தப்பட்டது. ஆள் குறைப்பு என்றார்கள். செவ்வாய் நான்கு பேர், புதன் இரண்டு பேர். போர்டில் பெயர்கள் இருந்த அதே வரிசை, மாறவே இல்லை. ஒன்பது முடிந்ததும் நான் கும்பிடாத சாமியில்லை.

வியாழக்கிழமை காலை ஷிஃப்ட். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே டிபன் பையோடு நின்றிருந்தார். அட்டையை வாங்கிக்கொண்டார்களாம். அழவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"அண்ணா, நேத்து சப்-கலெக்டர் ஆபீஸ்ல போயி கேட்டேன். தமிழ்நாட்டுல எங்க ஓட்டு இருந்தாலும் நிக்கலாமாம். உங்க ஓட்டு எங்கங்க இருக்குது?"

"விருதுநகர் பக்கம்."

"அது தமிழ்நாடுதானுங்களே" என்றார்.

சைரன் ஊதியது. நான் என் அட்டையைக் காட்டினேன். செக்யூரிட்டி சல்யூட் அடித்து வழி விட்டார். உள்ளே போனேன்.