இடது கண், ஒன்று

வார்டு மேசையில் ஒரு பட்டியலைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கைக்கடிகாரம், ஒன்று. மூக்குக்கண்ணாடி, ஒன்று. செருப்பு, ஒரு ஜோடி. செயற்கைக் கண், இடது, ஒன்று.

நான்காவது வரியில் விரலை வைத்தேன். "இது எங்க அப்பாவோடது இல்ல. மாறி வந்திருக்கு."

நர்ஸ் கட்டில் எண்ணைச் சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அவரோட பொண்ணுதானே?"

அப்பா அன்று காலை ஐந்தே முக்காலுக்கு இறந்தார். நான் ரயிலிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தபோது மணி ஏழு. கல்லீரலில் ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்று ஒரு வாரமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கண் இல்லை என்பதை, அவர் இறந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து, ஒரு பட்டியலில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் பையை அவள் மடியில் வைத்தேன்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. கண்ணுக்குள்ள கட்டி. எடுத்தே ஆகணும்னுட்டாங்க. இப்ப அதுதான் கல்லீரலுக்குப் போயிடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேப்பேன்னு இருந்தோம்," என்றாள்.

அந்தக் கண்ணைச் செய்தவர் அப்பாதான். அது அவருடைய தொழில். நாற்பத்தெட்டு வயதில் பிடித்த தொழில்.

அதற்கு முன் இருபத்தைந்து வருடம் பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் சேர்ப்பவராக இருந்தார். வாடிக்கையாளர் ஒரு துண்டுச் சுவர்க்காரையையோ கார் கதவிலிருந்து பெயர்ந்த சில்லையோ கொண்டுவந்து போடுவார். அதே நிறம் வேண்டும். அப்பா அதை விரலில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள்" என்பார். சரியாக இருக்கும். அங்கே அவருக்குப் பெயர் சொட்டு சார்.

வீட்டுக்கு வந்தால் பேசமாட்டார். சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், படுப்பார். ஒருமுறை என் பள்ளிக் கட்டுரைக்காக, "உங்க வேலையில பிடிச்சது என்னப்பா?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். "வெள்ளைக்கு மட்டும் நாற்பத்தொரு பேர் வச்சிருக்கோம்" என்றார். பதில் அவ்வளவுதான்.

அவருடைய பிரிவில் கலவை எந்திரம் ஓட்டிய ஒருவருக்கு விபத்தில் ஒரு கண் போயிற்று. எங்கோ பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த செயற்கைக் கண்ணைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். அவருடைய கண் கறுப்பை ஒட்டிய பழுப்பு. போட்டிருந்தது தேன் நிறம். அப்பாவால் தாங்க முடியவில்லை. அந்தக் கண்ணை இரவல் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து, தொழிற்சாலை எனாமலில் நிறம் ஏற்றினார். ஒரு குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் அந்த மனிதரின் கண்குழி வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது.

அப்பாவே அவரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே செயற்கைக் கண் செய்யும் அறையில் இருந்தவர் ஒரு பெண். வயது இருபத்தொன்பது.

"இரும்புக் கேட்டுக்குப் பூசறதைக் கொண்டுபோய் மனுஷன் கண்ணுல வச்சிருக்கீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?" என்று நின்ற இடத்திலேயே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். திட்டி முடித்துவிட்டு, அந்தக் கண்ணை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்து, "ஆனா இந்த நிறம் யார் போட்டது?" என்றாராம்.

அதற்குப் பிறகு அப்பா சனிக்கிழமைதோறும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். எட்டு மாதத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, அந்த இளம் பெண்ணிடமே வேலை கற்கச் சேர்ந்தார். மேடம் என்றுதான் கூப்பிடுவார். அவர் இவரை சார் என்பார். மேடம் இவரைத் திட்டும்போதும் சார்தான்.

"ஊருக்கெல்லாம் கண்ணு குடுக்கப் போறாராம். அடுப்புல பால் பொங்கறது இவர் கண்ணுக்குத் தெரியாது" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் சிரிப்பு இருந்தது. நான் சொன்னதில் இல்லை. பொறியியல் கடைசி வருடத்தில் இருந்தேன். "இந்த வயசுல பொம்மைக் கண்ணுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? முதல்ல உங்க கண்ணுதான் போகும், பாருங்க" என்றேன்.

அவர் போனார். போனவர் பேச ஆரம்பித்தார். பழுப்பு என்று ஒரு நிறமே கிடையாது என்பார். கருவிழியை ஏழு எட்டு அடுக்காக வரைய வேண்டும். வெள்ளையில் ஓடும் நரம்புக்குச் சிவப்பு நூலைப் பிரித்து மயிரிழையாக ஒட்ட வேண்டும். அம்மாவின் தையல் பெட்டியில் சிவப்பு நூல் தங்காது. எதிரே இருப்பவரின் நல்ல கண்ணைப் பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

"ஒரு பஸ் டிரைவர் இன்னிக்கு. கருவிழி ஓரத்துல சாம்பல்ல ஒரு வளையம் இருக்குங்கன்னேன். முப்பது வருஷமா என் பொண்டாட்டி இதைச் சொன்னதே இல்லையேங்கறார்" என்று சிரித்தார். இன்னொரு நாள் சொன்னார்: "புதுக் கண்ணை வச்சு முகம் பார்க்கற கண்ணாடியைக் கையில குடுத்தா, யாரும் முதல்ல கண்ணைப் பாக்கறதில்ல. தலையைச் சரிபண்ணிக்கறாங்க. எல்லாருமே."

இதையெல்லாம் போனில் சொல்வார். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அறிக்கை தட்டிக்கொண்டிருப்பேன். என் வேலை தரப் பரிசோதனை. கார்களில் பொருத்தும் கேமராக்களின் லென்ஸில் கீறல், புள்ளி, நிறப் பிசகு தேடுவது. ஆயிரத்துக்கு நான்கு தள்ளுவோம்.

அந்த இரண்டு வருடத்தில் நான்கு முறை வீட்டுக்கு வந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாள். அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். "வயசாயிடுச்சுப்பா உங்களுக்கு" என்றேன். கண்ணை ஓட்டிப் பார்க்காமல் தலையையே முழுக்கத் திருப்பிப் பார்த்தார். கழுத்து வலியா என்றேன். ஆமாம் என்றார். ஊருக்குத் திரும்பியதும் ஒரு கழுத்துப் பட்டை வாங்கி அனுப்பினேன்.

பெஞ்சில் அம்மா பையைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலையாலதான் கண்ணு போச்சுன்னு நீ சொல்லிடுவேன்னு பயம் அவருக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர்கிட்ட எழுதியே வாங்கிட்டு வந்தார். அந்தக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் மேல வச்சிருந்தோம். நீ கேட்டவுடனே எடுத்துக் காட்டணும்னு. முதல் நாள் நீ கேக்கல. ரெண்டாம் நாளும் கேக்கல. நீ கிளம்பினப்புறம், 'பாஸாயிடுச்சு'ன்னார். 'பரிசோதனை பண்றவளே கண்டுபிடிக்கலைன்னா வேற யாரு கண்டுபிடிக்கப் போறா'ன்னார்."

"சந்தோஷமா சொன்னாரா?"

"சந்தோஷமாத்தான் சொன்னார்."

அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலையில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அவர் செய்த கண் அவ்வளவு நன்றாக இருந்தது. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

"அது இல்லாம நான் அவரை அனுப்ப மாட்டேன்," என்றாள் அம்மா. "நாலு மணிக்கு எடுக்கறாங்க. மேடம்கிட்ட கொண்டுபோ. அவங்கதான் வந்து வைக்கணும்."

கண் மருத்துவமனையின் தரைத்தளத்தில், வடக்கு ஜன்னலை ஒட்டிய சிறிய அறை. உள்ளே அன்றுதான் முதல்முறையாகக் கால் வைத்தேன். எட்டு வருடத்தில். இரண்டு நாற்காலிகள், முட்டி இடிக்கும் தூரத்தில் எதிரெதிரே. மேசையில் தூரிகைகள். மேடத்துக்கு இப்போது முப்பத்தேழு வயது இருக்கும். முகம் அழுது வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, அப்பாவின் நாற்காலியை விட்டுவிட்டு இன்னொன்றை இழுத்துப் போட்டார்.

"அம்மா போன் பண்ணினாங்க. குடுங்க."

பையைக் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. "அப்பா இதை ரொம்ப நல்லா பண்ணியிருக்காரு. எனக்கே தெரியல. பாஸாயிடுச்சுன்னு சொன்னாராமே."

மேடம் கண்ணை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார்.

"அம்மாகிட்ட அப்படிச் சொன்னாரா?"

"உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"உட்காருங்க," என்றார். "நான் பண்ணித் தரேன்னு சொன்னேன். கேக்கல. என் கண்ணை நான்தான் பண்ணுவேன்னாரு. முகம் பார்க்கற கண்ணாடியை எதிர்ல வச்சுக்கிட்டு, அதுல தெரியற கண்ணைப் பாத்துப் பாத்துப் போட்டாரு. கண்ணாடியில லேசா பச்சை இருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பச்சை அப்படியே இதுல ஏறிடுச்சு. முடிச்சுப் போட்டுக்கிட்டு என் பக்கம் திரும்பினாரு பாருங்க. 'சார், பச்சை'ன்னேன். நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. இருபத்தஞ்சு வருஷம் நிறம் பாத்தவன், போயும் போயும் இதுல கோட்டை விட்டேனேன்னு ஒரே சிரிப்பு."

"சரி பண்ணலையா?"

"அடுத்த வாரம் பண்றதா இருந்தோம். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. நீங்க போனப்புறம், 'பச்சையை இன்னிக்கு எடுத்துடலாமா சார்'னு கேட்டேன். 'வேண்டாம் மேடம், இருக்கட்டும்'னாரு. 'அவளா ஒருநாள் பாத்துக் கேக்கட்டும். கேட்ட மறுநாளே மாத்திக்கறேன்'னாரு."

மேடம் துணியை மடித்து மேசையில் வைத்தார்.

"ஒவ்வொரு தடவை நீங்க வந்துட்டுப் போனப்புறமும் கேட்டேன். நாலு தடவையும் அதே பதில்தான்."

"அதைச் சொல்றப்ப எப்படி இருந்தாரு?"

"சிரிச்சாரு," என்றார். "முதல் தடவை."

வெளியே யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேடம் அந்தக் கண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். நான் நினைத்திருந்ததைவிடக் கனமில்லை. உருண்டையாகவும் இல்லை. ஒரு கிண்ணத்தின் சில்லு போல இருந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளையில் நரம்புகள் இருந்தன. கருவிழியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள். ஓரத்தில் இடதுபக்கம் மட்டும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அப்படி ஒரு புள்ளி அவருக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பச்சை இருந்தது. அதைக் காண எனக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. எங்கள் பரிசோதனை மேசையில் முதல் நாள் சேர்ந்த ஆள்கூட அதைத் தள்ளியிருப்பான்.

"இதைத் திருத்த முடியுமா?"

"மேல இருக்கற பூச்சைத் தேய்ச்சு எடுக்கணும். ஒரு சொட்டு சிவப்பு. திரும்ப மூடி, சூட்டுல வச்சு, மெருகு போடணும். மூணு மணி நேரம் ஆகும்."

"ஒத்துப் பாக்க அவரோட இன்னொரு கண்ணு..."

"அது வேண்டாம். எட்டு வருஷம் எதிர்ல உட்கார்ந்து பாத்திருக்கேன்."

மணி பத்தரை.

"இது பாஸாகாது மேடம். பச்சை இருக்கு" என்றேன். என் குரல் தொழிற்சாலையில் பேசும் குரலாக இருந்தது. "மாத்துங்க."

மேடம் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தேய்க்கும் மோட்டாரைப் போட்டார்.