முகம் தெரிந்த தரை

எங்கள் பன்றிப் பண்ணையில் தாய்ப்பன்றிகள் எல்லாம் அண்ணியின் பொறுப்பு. வேலை போய் நான் இங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்ததும் அவர்தான். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சுத்தம் என்றால் அண்ணிக்கு உயிர். அண்ணன் புதுக் கொட்டகை கட்டியபோது, "தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்போல இருக்கணும்" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டார். அந்த மனிதர் இழைத்து இழைத்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தார். அண்ணி அதை மூன்று வேளையும் கழுவினார். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், பன்றிகளைத் தவிர.

ஒவ்வொன்றாக நொண்ட ஆரம்பித்தன. ஒரு குட்டியைக்கூட நசுக்காத நல்ல தாய் மகாராணி. அது எழுந்திருக்கவே மறுத்தது. அண்ணன், "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் கறிக்குத்தான்" என்று வியாபாரிக்கும் சொல்லிவிட்டார். அன்று அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

கால்நடை டாக்டர் வந்து மகாராணியின் குளம்பைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் வெடித்திருந்தது.

"தரை வழுக்குது. கால் ஊன்றப் பிடிமானம் இல்ல. போதாததுக்கு எப்பவும் ஈரம். ஊறின குளம்பு சீக்கிரம் வெடிச்சிடும்."

"நான் கழுவினதாலயா டாக்டர்?"

"கழுவுங்கம்மா. ஆனா காய விடணும்."

அண்ணி ஒரு மூச்சு அழுதார். பிறகு அண்ணனின் காரை வெளியே எடுக்கச் சொல்லி, அது நின்ற ஷெட்டில் வைக்கோலைக் கனமாகப் பரப்பினார். எல்லோருமாக மகாராணியைப் பலகையில் ஏற்றி இழுத்து வந்தோம்.

"என் கார் வெயில்ல காயுது, பன்னி நிழல்ல படுத்திருக்கு!" என்றார் அண்ணன்.

"உங்க கார் குட்டி போடுமா?"

அண்ணன் போய்க் காரின்மேல் பழைய சாக்கை விரித்தார்.

கொத்தனாரை வரவழைத்துத் தரையைக் கொத்திவிடச் சொன்னார் அண்ணி. "பெத்த புள்ள மூஞ்சியில கீறச் சொல்றீங்களேம்மா" என்று புலம்பிக்கொண்டே அவர் கோடு கோடாகக் கொத்தி, காலில் குத்தாதபடி முனைகளையும் தேய்த்துக் கொடுத்தார். அதன்பின் அண்ணி ஒரு வேளைதான் கழுவினார், அதுவும் வெயில் ஏறும்முன். மற்ற நேரங்களில் கை துறுதுறுத்தால் வீட்டு ஜன்னலைத் துடைத்தார்.

மாசக் கடைசியில் வியாபாரி வண்டியோடு வந்துவிட்டார். மகாராணியை முந்தின நாளே கொட்டகைக்கு மாற்றியிருந்தோம். படுத்துக் கிடந்தது. அண்ணி தீனி வாளியை எதிர்ச் சுவரோரம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். கூப்பிடவில்லை. மகாராணி முன்காலை ஊன்றியது. பின்பாகம் ஒருமுறை ஆடி நின்றது. பிறகு வழுக்காமல், அவசரப்படாமல் நடந்துபோய் வாளிக்குள் வாயை விட்டது.

"உங்கள வீணா அலைய வெச்சிட்டேன்" என்று அண்ணன் வியாபாரியை அனுப்பிவைத்தார். திரும்பி வந்து அண்ணியிடம், "நீ சாப்பிட்டியா?" என்றார். எங்கள் வீட்டு ஆண்கள் நன்றி சொல்வது இவ்வளவுதான். நானும் அந்த வகைதான் என்றாலும் அன்று என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. "ரொம்ப நன்றி அண்ணி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"பன்னி நடந்ததுக்கு நீ எதுக்கு தம்பி நன்றி சொல்ற?"

"பன்னிக்காகச் சொல்லல அண்ணி" என்றேன்.