செல்லனின் நகங்கள்

சுவிஸில், டீட்டிகோனில் மாமா வீட்டு மணியை அடித்ததும் முதலில் கேட்பது செல்லனின் நகச் சத்தம்தான். பலகைத் தரையில் டக்கு டக்கென்று ஓடி வருவான். அந்த இலையுதிர் காலத்தில் ஓட்டம் மெதுவானது, சத்தம் மட்டும் கூடியது. நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. நடக்கக் கூட்டிப் போகாமல் நாயைச் சோம்பேறியாக்கிவிட்டீர்கள் என்று மாமாவைக் கேலி செய்தேன். அந்தக் கேலியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, பொதிகள் பிரிக்கும் களஞ்சியத்தில் வேலை செய்பவர். மாமி இறந்த பிறகு வீட்டில் அவர் கதைப்பதற்குச் செல்லன் மட்டும்தான். அவனுக்குக் கண்ணைச் சுற்றி மயிர் உதிர்ந்து, தோல் தவிடு போல உரியத் தொடங்கியபோது, ஜெர்மன் மொழியான டொச்சில் விளக்கமாகச் சொல்வதற்கு என்னையும் மிருக வைத்தியரிடம் கூட்டிப் போனார். நாய் எப்போதாவது தெற்கே வெளிநாடு போயிருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். மாமா என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்.

"ஒருக்காலும் போகேல்லை எண்டு சொல்லு."

போயிருந்தான். இரண்டு கோடைக்கு முன், மாமிக்காக வைத்த நேர்த்தியை முடிக்க மாமா தென் இத்தாலியில் ஒரு மாதா கோவிலுக்குக் காரில் போனார். செல்லனும் கூடப் போனான். கோவில் வளவுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துப் பத்து நாள் இருந்தார்கள். தடுப்பூசிப் பத்திரம் இல்லாமல் நாயை எல்லை கடத்துவது குற்றம் என்று, திரும்பி வந்த பிறகுதான் வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள். வைத்தியர் கேட்ட நேரம் மாமாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் நகரசபையில் கிடந்தது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, நல்ல டொச்சில், இல்லை என்றேன்.

ஒவ்வாமையாக இருக்கலாம் என்று தீன் மாற்றினார்கள், களிம்பு தந்தார்கள். நான்கு மாதம் போனது. செல்லனின் விலா எலும்பு தெரிந்தது. ஒரு ஞாயிறு, குசினித் தரையில் அவன் மூக்கிலிருந்து இரத்தம் சொட்டி நிற்கவே இல்லை. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். லெய்ஷ்மேனியாசிஸ். தெற்கு நாடுகளின் மணல் ஈ கடித்துப் பரவும் நோய். வருடக் கணக்கில் உடம்புக்குள் ஒன்றும் காட்டாமல் கிடக்குமாம். உரியும் தோல், நீளும் நகம், மூக்கு இரத்தம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. மாமாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"முதல் சொன்னதை மாத்தினால் பிறகு ஒண்டையும் நம்பமாட்டினம், பிள்ளை."

அகதி விசாரணையில் படித்த பாடம் அது. ஒரு திகதியை மாற்றிச் சொன்னதற்காக, முகாமில் கூட இருந்தவரைத் திருப்பி அனுப்பியதைக் கண்டவர் அவர். மொழிபெயர்த்தவளையும் கேட்பார்களே என்று எனக்கும் பயம். மூன்று நாள் இருவரும் வைத்தியரிடம் போகவில்லை. அந்த மூன்று நாளுக்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாலாம் நாள் மாமா கோட்டுப் போட்டு, தன் விசாப் பத்திரங்கள் அடங்கிய கோப்பையும் எடுத்துக்கொண்டு என்னுடன் வைத்தியரிடம் வந்தார். என்னைப் பேச விடவில்லை. தான் பொய் சொன்னதாகவும், பிழை தன்னுடையது, இந்தப் பிள்ளையுடையது இல்லை என்றும் உடைந்த டொச்சில் சொன்னார். வைத்தியர் கோப்பைத் திறக்கவே இல்லை. எந்த மாதம், எத்தனை இரவு வெளியே படுத்தது என்று மட்டும் கேட்டார். முழங்காலுக்குப் பின்னால் வீங்கியிருந்த நெறிக்கட்டில் ஊசி குத்தி எடுத்தார், இரத்தமும் எடுத்தார். அந்தக் கிழமையே முடிவு வந்தது. அந்த நோய்தான். சிறுநீரகமும் பழுதாகியிருந்தது. முந்தித் தெரிந்திருந்தால் மருந்தால் அடக்கி வைத்திருக்கலாமா என்று கேட்டேன். அனேகமாக, என்றார் வைத்தியர்.

செல்லன் வசந்தம் வரைதான் இருந்தான். மாமாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. நாயைப் பற்றி நகரசபையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்போது வின்டர்தூரில் என்னிடமும் ஒரு நாய் இருக்கிறது. மாமா வந்தால் சப்பாத்தைக் கழற்றியதும் அதன் காலைத் தூக்கி நகங்களைத்தான் பார்ப்பார். பிறகு, இந்தக் கோடைக்கு எங்கெங்கே கொண்டுபோனாய் என்று கேட்பார். ஒரு மத்தியானம் துன் ஏரிக்கரையில் இருந்தது வரை ஒன்று விடாமல் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காலை விடாமல் என்னைப் பார்ப்பார்.

"வேறை?"

வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், அந்தக் கோடையின் நாட்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்குவேன்.