கரி தேய்த்த சுவர்

என் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி என்னுடையதல்ல. அது ஒரு பள்ளிக்கூட குமாஸ்தாவின் அக்கா மகனுடையது.

அப்போது, பிழைக்க வந்த ஊரில், அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா லேக் கார்டன்ஸில் இரண்டு தமிழ் வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது பிறந்த தேதி கேட்டார்கள். நல்ல மழை பெய்த நாள் என்றாள் அம்மா. குமாஸ்தா சிரித்துவிட்டு, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். வயது சரிதான் என்று தன் அக்கா மகனின் தேதியை எழுதிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்தில் ஏறிய முதல் பிறந்த தேதி அதுதான். இன்றைக்கும் என் அலுவலகத்தில் அந்த நாளில் கேக் வெட்டுகிறார்கள். நானும் மெழுகுவர்த்தியை ஊதுகிறேன்.

ஜாதவ்பூரில் படித்து முடித்ததும் ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்க்காரர்கள் தாமாக நடத்தும் பாலர் பள்ளிகளுக்கு அரசு அங்கீகாரமும் நிதியும் வாங்கித் தர உதவுவது எங்கள் வேலை. முழுக்க என் பொறுப்பில் விடப்பட்ட முதல் பள்ளி, ஜாதவ்பூரிலிருந்து தெற்கே லோக்கல் ரயிலில் ஒன்றே கால் மணி நேரமும், இறங்கியபின் டோட்டோ ரிக்ஷாவில் பேட்டரி தீராவிட்டால் இருபது நிமிடமும் தள்ளி இருந்தது.

அந்த ஊர்ப் பெண்கள் விடிவதற்குள் ரயிலேறி, லேக் கார்டன்ஸிலும் ஜாதவ்பூரிலும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் வடக்கே வருவார்கள், நான் தெற்கே போவேன். அவர்களில் ஒருவர் சில வருடங்களுக்கு முன் பிளாட்பாரத்தில் விழுந்து முழங்கால் போய் வீட்டோடு நின்றார். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுப்போக ஆரம்பித்தார்கள். பள்ளி அப்படித்தான் தொடங்கியது. குழந்தைகள் அவரை மாஷி, அதாவது வங்க மொழியில் சித்தி, என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே.

இடம், ஊர் கிளப்பின் ஒற்றை அறை. சாயங்காலம் கிளப் பையன்கள் கேரம் ஆடுவார்கள். காலையில் கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இருபத்து மூன்று குழந்தைகள் உட்காரும். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி மாஷி கிச்சடி செய்வார்.

சித்திரைக்குள் அரசுக் காகிதம் வராவிட்டால் அறையை டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டுவிடுவோம் என்று கிளப் தலைவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் அடுத்த அங்கன்வாடி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். லாரிகளுக்கு நடுவே யார் கூட்டிப்போவது? அம்மாக்கள் ரயிலில் இருப்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து அக்காக்கள்தான் நிறுத்தப்படுவார்கள். பதினொரு வயது, பன்னிரண்டு வயது அக்காக்கள். யார் யார் நின்றுவிடுவார்கள் என்று மாஷி விரல் மடக்கிச் சொன்னார். ஒன்பது பேர்.

நான்கு மாதம் பிளாக் ஆபீசுக்கு நடந்தேன். தண்ணீர் சோதனைத் தாள், கிளப்பின் சம்மதக் கடிதம், வருகைப் பதிவேடு எல்லாம் சேர்ந்துவிட்டன. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. குழந்தைகளின் இரண்டு வருட வளர்ச்சிக் கணக்கு. எடை இல்லாவிட்டால் உயரமாவது பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றார் கிளார்க்.

அதைப்பற்றி எனக்குக் கவலையே இல்லை. எங்களிடம் சுவர் இருந்தது.

இங்கே தை மாதம் வரும் சரஸ்வதி பூஜை, ஆனியில் ரதம் என்கிற தேர்த்திருவிழா, தீபாவளியை ஒட்டிக் காளி பூஜை. வருடத்துக்கு மூன்று முறை மாஷி ஒவ்வொரு குழந்தையையும் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் ஆணியால் அழுத்தி ஒரு கோடு கிழிப்பார். அம்மாக்கள் பலருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பெயருக்குப் பதில் அடியில் சாக்பீஸால் ஒரு படம். மீன், குடை, படகு, வாத்து. தன் பிள்ளையின் படத்துக்கு மேலே கோடுகள் ஏறுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். முதல் தடவை அந்தச் சுவரைப் பார்த்தபோது இதைவிட நல்ல பதிவேடு எந்த ஆபீசிலும் இருக்காது என்று நினைத்தேன். ஒரு டேப்பை வைத்து அளந்து எழுதினால் முடிந்தது.

ஆய்வுக்கு அதிகாரி மேடம் வருவது ஒரு ஜனவரிச் செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. திங்கள் வந்து சுவரை எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். திங்கள் முழுவதும் ஒரே ஒரு முத்திரைக்காக பிளாக் ஆபீஸ் பெஞ்சில் போயிற்று. அதற்கு முந்தைய சனிக்கிழமை நான்தான் கிளப் பையன்களிடம் சொல்லியிருந்தேன், "மேடம் வர்றப்போ ரூம் பளிச்சுனு இருக்கணும்" என்று.

செவ்வாய் காலை பனியில் ரயில் ஊர்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. வாசலில், என்னை அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்று கூப்பிடும் நான்கு கிளப் பையன்கள் முடியிலும் புருவத்திலும் சுண்ணாம்போடு வரிசையாக நின்றார்கள்.

"மெட்ராஸி தீதி, கண்ணை மூடுங்க. இப்ப உள்ள வாங்க. இப்பத் திறங்க!"

திறந்தேன். நான்கு சுவரும் வெள்ளை, அடியில் முழங்கால் உயரத்துக்கு நீலப் பட்டை. அரசுக் கட்டடங்களுக்கு இங்கே அடிக்கும் அதே நீலம்.

"கவர்மென்ட் கலர்! மேடம் பாத்ததும் தன்னோட ஆபீஸ்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்றான் ஒருவன்.

மீனும் இல்லை, குடையும் இல்லை, கோடும் இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே மெல்லக் கேட்டான், "கலர் பிடிக்கலையா?"

கோடுகள் எதற்கு வேண்டும் என்று நான் சொன்னதும் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். "அந்தச் செவுத்த விட்டுடலாம்னு சொன்னேன்ல?" "நீ எங்கடா சொன்ன? பிரஷ்ஷே உன் கையிலதான் இருந்துச்சு!"

மாஷி அடுப்பை விட்டு நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார். பிறகு, "எழுதும்மா. பிள்ளைங்க வளந்ததுங்கதானே? வளந்துச்சுன்னு எழுது. யாரு கேக்கப் போறா?" என்றார்.

"ஆமா தீதி, தொண்ணூறு, தொண்ணூத்தி ரெண்டுன்னு போட்டுக்கிட்டே போங்க. பத்து நிமிஷ வேலை. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்றான் பிரஷ் பிடித்தவன்.

மேடம் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் பதிவேட்டைத் திறந்து பேனாவையும் எடுத்துவிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. முதல் கட்டத்தில் பேனா முனையை வைத்தபோது அந்தக் குமாஸ்தாவின் நினைவு வந்தது. அவர் கெட்டவர் இல்லை, உதவிதான் செய்தார். ஆனால் எனக்கான ஒரு நாள் எங்கோ இருக்கிறது, இனி யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த இருபத்து மூன்று பேரின் வளர்ச்சியும் முதன்முதலாக எழுத்தில் ஏறப்போவது இந்தப் பக்கத்தில்தான். பேனாவை மூடினேன்.

"பொய்யா எழுத மாட்டேன், மாஷி."

"அப்ப மேடத்துக்கு என்னத்தக் காட்டுவ? இந்த நீலத்தையா?" மாஷிக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்கதான், இதோ இங்கதான் இருந்துச்சு எல்லாம்!" என்று உள்ளங்கையால் சுவரில் ஓங்கி அடித்தார்.

அடுப்பிலிருந்து அப்படியே வந்த கை. சுவரில் கரி படிந்த ஐந்து விரல் பதிந்தது. அதன் நடுவே, குறுக்காக, மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு.

நான் விரலால் தடவிப் பார்த்தேன். பள்ளம் அப்படியே இருந்தது. ஆணி ஆழமாக இறங்கியிருந்தது. பையன்களோ ஒரு பூச்சுக்கு மேல் அடிக்கவில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் ஆறு பேரும் கரித்துண்டைப் படுக்க வைத்துச் சுவரைத் தேய்த்தோம். கரிக்கு நடுவே கோடுகள் வெள்ளையாக எழுந்து வந்தன. பையன்கள் ஒவ்வொரு தேய்ப்புக்கும் "ஐயோ, என் கலரு" என்றார்கள். படங்கள்தான் திரும்பவில்லை. எந்த வரிசை யாருடையது? குழந்தைகளைக் கேட்டோம். கேட்க வேண்டியதே இல்லை. அவரவர் இடத்தில் ஓடிப்போய் முதுகைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டார்கள். இரண்டு பேர் மட்டும் ஓர் இடத்துக்குச் சண்டை போட்டார்கள். அதில் ஒருத்தி கடைசிக் கோட்டைவிடக் குட்டையாக இருந்ததால் வழக்கு உடனே முடிந்தது.

வாசலில் ஸ்கூட்டி நின்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"இங்க என்ன பெயின்ட் அடிக்கிறீங்களா, அழிக்கிறீங்களா?"

மேடம் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்துவிட்டார். என் கை முழங்கைவரை கறுப்பு. வணக்கம் சொல்லக் கூப்பிய கையைப் பார்த்து அவர் ஓரடி பின்னால் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், பேனாவை எடுத்ததையும் சேர்த்து.

அவர் சுவரோரம் நடந்தார். ஒரு வரிசையின் முன் நின்று, "இங்க ரெண்டு கோடு ஒட்டிக்கிட்டு இருக்கே. தப்பாக் கிழிச்சீங்களா?" என்றார்.

"இல்லை மேடம்," என்றார் மாஷி. "ரதத்துக்கு ஒண்ணு, காளி பூஜைக்கு ஒண்ணு. அந்த மழையில அவளுக்கு ரெண்டு தடவை காய்ச்சல். அம்மாவுக்கும் வேலை போயிடுச்சு. வளரவே இல்லை."

அந்த வரிசையின் சொந்தக்காரி முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நான்கு வயது. மேடம் அவள் தலையில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். காளி பூஜைக் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை ஏறியிருந்தாள்.

"எத்தனையோ ரெஜிஸ்டர் பாத்திருக்கேன்," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "எல்லாப் பிள்ளையும் மாசா மாசம் ஒரே அளவு வளந்திருக்கும். யாருக்கும் காய்ச்சலே வந்திருக்காது." பிறகு என்னைப் பார்த்து, "டேப் இருக்கா? எழுதுங்க. நான் உக்காந்திருக்கேன்" என்றார்.

பையன்கள் அளந்து சொல்ல, நான் எழுதினேன். மேடம் மாஷியின் கிச்சடியைச் சாப்பிட்டுக்கொண்டே சில வரிசைகளைத் தானே சரிபார்த்தார். 'எதிலிருந்து எடுக்கப்பட்டது' என்ற கட்டத்துக்கு வந்ததும் நான் தயங்கினேன். "இதுக்கு என்ன யோசனை? சுவரிலிருந்துன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். அதன் பக்கத்தில் அவர் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன.

அன்று சாயங்காலம் அம்மா என் நகக்கண்ணில் கரியைப் பார்த்து, "இதுக்காடி உன்னைப் படிக்க வெச்சேன்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையைத் தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் காட்டினாள். "உன்னைச் சேக்கப் போன அன்னிக்கு நீ இவ்ளோ இருந்த. ரேஷன் கடை கவுன்ட்டர் உன் மூக்குக்கு நேரா வரும். தேதி கேட்டானே தவிர, அந்த ஆளு இதைக் கேக்கலையே." அவள் கை நின்ற இடத்தில் நான் டேப்பை வைத்து அளந்தேன். டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். அது என்னுடையது.

பங்குனியில் அங்கீகாரக் கடிதம் வந்தது. அரிசி, பருப்பு, முட்டை, பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர். மாஷியைச் சமையல் உதவியாளராக வைத்துக்கொண்டார்கள், சம்பளத்தோடு. "இத்தனை நாள் சும்மா கிண்டினதுக்கு இப்பத்தான் கவர்மென்ட்டுக்கு மூக்கு திறந்திருக்கு" என்றார். கடிதத்தை நான் சத்தமாகப் படித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாக்கள் எல்லோரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தை விட வேண்டியிருந்த அந்த ஒன்பது அக்காக்களும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். அவர்கள் யாரும் இன்றுவரை படிப்பை நிறுத்தவில்லை.

பையன்கள் மறுபடி வெள்ளையடித்தார்கள். மூன்று சுவருக்கு மட்டும். நான்காவதன் முன்னால் மாஷி கரண்டியோடு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரதத்தன்று நானும் போயிருந்தேன். கோடுகள் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிறுமியை நிறுத்தி மாஷி ஆணியை எடுத்தார். புதுக் கோட்டுக்கும் காளி பூஜைக் கோட்டுக்கும் நடுவே என் விரல்களை வைத்துப் பார்த்தேன். மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.