நன்றியுரை மட்டும் எங்களுக்கு

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருவள்ளூரில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு காலனியில் குடியிருந்தோம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். நகராட்சிக் குழாய் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அதனால் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவோம். பல நாள் அங்கே கூட்ஸ் வண்டி சிக்னலுக்காக நீட்டிப் படுத்திருக்கும். வேறென்ன செய்வது? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து போவோம். திரும்பும்போது நிறைகுடத்தோடு அதே வழிதான்.

பக்கத்து வீட்டு அக்காதான் எப்போதும் முதலில் புகுவாள். "டிரைவர் நாஷ்டா துன்னுகினு கீறான், பயப்படாம வாங்கடி" என்று சக்கரத்துக்கு நடுவிலிருந்து கேலி பேசுவாள். குடங்களை ஒவ்வொன்றாக வாங்கி அந்தாண்டை தள்ளுவதும் அவள்தான். நான் ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் புகுவேன்.

ஒருநாள் தெருவில் ரிக்‌ஷா ஒன்று மைக் கட்டிக்கொண்டு வந்தது. ஊருக்கு முதலில் எது வேண்டும் என்று நகராட்சி மக்களையே கேட்கப் போகிறதாம், சங்கங்கள் எல்லாம் வந்து கருத்துச் சொல்லலாமாம். எங்கள் காலனிப் பெண்கள் சேர்ந்து ஒரு மாதர் சங்கம் வைத்திருந்தோம். பள்ளிக்கூடம் போனவள் என்பதால் நான்தான் செயலாளர். எங்கள் பக்கம் ஒரு குழாய் வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு.

பள்ளி மைதானத்தில் மேடை, தோரணம், நாற்காலி எல்லாம் தடபுடல்தான். வியாபாரிகள் சங்கம் வரவேற்புரையாம், இளைஞர் மன்றம் வாழ்த்துரையாம். "மாதர் சங்கம் நன்றியுரை சொல்லிடுங்கம்மா" என்றார் நகராட்சி அலுவலர் ஒருவர். கருத்துச் சொல்லக் கூப்பிட்டுவிட்டு நன்றி சொல்லச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"வுடுடி, மைக்கு கைக்கு வந்தாப் போதும். நன்றின்னு ஆரம்பிச்சி கொழாயில முடிச்சிடு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மேடையில் ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் நகராட்சித் தலைவர் எழுந்து, எல்லாச் சங்கங்களும் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டபடி ஊருக்கு ஒரு பூங்காவும் அதில் வானொலியும் அமைக்கப்படும் என்று அறிவித்தார். எந்தச் சங்கம் எப்போது கேட்டது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றேன். தலைவருக்கு நன்றி, வந்தவர்களுக்கு நன்றி, இடம் கொடுத்த பள்ளிக்கு நன்றி. யாரையாவது விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் ஒரு நன்றி சொன்னேன். "கடைசியாக எங்கள் காலனி சார்பில் ஒரே ஒரு வேண்டுகோள்" என்று வாய் திறப்பதற்குள் தேசிய கீதம் ஒலித்தது.

எந்தக் கூட்டத்திலும் கடைசி நன்றி ஒலிபெருக்கிக்காரருக்குத்தான். அந்த வார்த்தைக்காகவே அவர் இசைத்தட்டில் முள்ளை வைக்கத் தயாராக நின்றிருக்கிறார். பாவம், அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார். எல்லோரும் விறைத்து நின்றார்கள், நானும் நின்றேன். எதிரே அக்கா, கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணாலேயே "சொல்லுடி, சொல்லுடி" என்றாள். அந்தப் பாட்டு ஒலிக்கும்போது எப்படிப் பேசுவது? முடிந்ததும் பெரியவர்கள் கார் ஏறினார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்மா" என்று கதவைச் சாத்தினார் ஒருவர்.

பூங்கா சீக்கிரமே வந்துவிட்டது, வானொலியும் வந்தது. அடுத்த கூட்டம்தான் வரவே இல்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை. நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அக்கா மட்டும் கடைசிக் குடத்தோடு வண்டிக்கு அடியில் இருந்தாள். விசில் ஊதியதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பூங்கா வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. வண்டி அசைந்தது. அவளை இழுத்தோம், உயிர் வந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வரவில்லை.

அதன் பிறகு மளமளவென்று எங்கள் காலனிக்குக் குழாய் போட்டார்கள். திறப்பு விழா, அதே தோரணம், அதே மைக். மறுபடியும் நன்றியுரை எனக்குத்தான். மாட்டவே மாட்டேன் என்றேன். முன்வரிசையில் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் அத்தனை கேலி பேசியவள், அன்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"சொல்லிட்டு வாடி. எதுனா பேசி வெக்காத. கொழாயப் புடுங்கிக்கினு பூடப் போறாங்க."

போனேன். தலைவரில் தொடங்கி ஒருவர் விடாமல் நன்றி சொன்னேன், ஒலிபெருக்கிக்காரருக்கும் சொன்னேன். உடனே தட்டு சுழன்றது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்கா நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தாள், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ ஓர் ஆள், விஷயம் தெரியாமல், "எய்ந்து நில்லும்மா, மரியாத தெரியாதா?" என்றான். பாட்டு முடியும்வரை நான் மேடையில் விறைத்தபடியே நின்றிருந்தேன்.

இன்றும் மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று எங்காவது மைக் கூப்பிட்டால் நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஊரே எழுந்து நிற்க, அக்கா மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததுதான் நாங்கள் கடைசிவரை சொல்ல முடியாமல் போன கருத்து.