திரைத்துணியும் எண்ணெய்க் கம்பியும்

அக்குறணையில் கார் வைத்திருந்த எங்கள் முஸ்லிம் வீடுகளில் பின்சீட்டு ஜன்னலுக்குத் திரை போடுவது வழக்கம். பெண்களின் பயணமெல்லாம் அந்தத் திரைக்குள்தான்.

அன்று டிரைவர் வரவில்லை. கணவரே ஓட்டினார். கலகெதர ஏற்றத்தில் என்ஜின் கடகடவென்று அடிக்க, ஓரமாக நிறுத்தினார்.

"எண்ணெய் கொறஞ்சிரிக்கும். டின் பின்னுக்கு ஈக்குதானே, ஊத்திப் பாப்பமே," என்றேன்.

"பொம்பளைக்கு என்னத்துக்கு இந்த வேல? திரைக்குள்ள இரி. நான் கராஜ்காரனக் கூட்டிட்டு வாறன்."

அவர் தலை மறைந்ததும் இறங்கினேன். டிரைவர் எண்ணெய் பார்ப்பதைத் திரை இடுக்கு வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பானட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். மேல்வரை எண்ணெய்! குழம்பிப்போனேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. முதலில் துடைத்துவிட்டு, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும்.

துடைக்கத் துணி? திரையை ஒரே இழுவையாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

துடைத்து விட்ட கம்பி நுனியில் மட்டும் நனைந்து வந்தது. டின்னை எடுத்துக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றி, கம்பியின் குறிவரை வந்ததும் மூடினேன்.

வந்த கராஜ்காரர் கம்பியை உருவிப் பார்த்தார். "எண்ணெய் சரியாத்தானே ஈக்கு, முதலாளி!"

கணவர் ஜன்னலைப் பார்த்தார். "திரை எங்க?"

கறுத்துப்போன துணியை நீட்டினேன். "இந்தா ஈக்கு. கம்பி தொடச்சேன்."

அவர் காருக்கு முன்னால் போய், என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார். என்ஜின் சத்தமில்லாமல் ஓடியது. வழி நெடுக முகத்தில் வெயில் பட்டது. அதற்காக நான் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படவில்லை.

மறுவாரம் புதுத் திரை வாங்கி வந்து கொடுத்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். அது எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.