காப்பி இலையில் நான் அழித்த மஞ்சள்

1. ரைட்டர் கேட்ட கேள்வி

ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கி பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏற்காட்டில் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த சின்னராசு படியேறி வந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. கவரிலிருந்து எட்டு போட்டோக்களை எடுத்து என் மேசைமேல் பரப்பினார். மூன்று வாரத்துக்கு முன் நான் பிரிண்ட் போட்டவை.

"ஏனுங்கம்மா, இது எங்க தோட்டந்தானுங்களா?"

"நீங்க குடுத்த பிலிம் ரோல்தானுங்களே?"

"நான் எடுத்தப்ப எலையெல்லாம் செத்துக்கிட்டு இருந்துச்சுங்க. இதுல கல்யாண ஊட்டுத் தோரணமாட்டம் தொங்குது."

அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. செடிகளுக்குத் துரு நோய். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி படியும், மேலே மஞ்சள் புள்ளி விழும், பிறகு இலை உதிரும். மருந்தடிக்க வேண்டும் என்று மெட்ராஸில் இருந்த முதலாளிக்கு இவர் கடிதமாக எழுதியிருக்கிறார். அவர் நம்பவில்லை. போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கிறேன் என்றாராம். இவரும் கேமரா இரவல் வாங்கி எடுத்தார். போட்டோவைப் பார்த்த முதலாளி அதே கவரில் திருப்பி அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் வைத்திருந்தார். இத்தனை செழிப்பான தோட்டத்துக்கு மருந்து கேட்கிற பொய்யன் எனக்கு வேண்டாம், மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்.

"ரெண்டு புள்ளைங்களும் இங்கதானுங்க படிக்குது. எங்க போறதுன்னு தெரியலைங்க" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

2. பச்சை வந்த வழி

தொண்ணூறுகளின் கடைசி அது. ஏற்காட்டில் கம்ப்யூட்டர் வைத்த ஸ்டூடியோ என்று பெருமையடித்துக்கொண்டிருந்தோம். நான் அடிவாரத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் ஏறி வருவேன். கடை முதலாளியை எல்லாரும் பாய் என்போம். சேலத்து லேபில் கழுவிய நெகடிவை ஸ்கேன் செய்து, நிறம் திருத்தி, பிரிண்ட் போடுவது என் வேலை.

சாஃப்ட்வேரில் செலக்டிவ் கலர் என்று ஒன்று உண்டு. படம் முழுவதையும் தொடாமல் ஒரு நிறத்தை மட்டும் பிடித்து, அதற்குள் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் கூட்டிக் குறைக்கலாம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் புல்லைக் கண்டதும் கிரீன்ஸ் என்ற பச்சைப் பிரிவைத் திறப்பார்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. புல்லும் இலையும் பெரும்பாலும் யெல்லோஸ் என்ற மஞ்சள் பிரிவில்தான் இருக்கும். அதில் சயானை ஏற்றி மெஜந்தாவை இறக்கினால் காய்ந்த மலையும் மழை பெய்த மலையாகிவிடும்.

"மே மாசம் சுத்திப் பாக்க வர்றவனுக்கு மலை காஞ்சு கெடந்தாலும் போட்டோ பச்சையா இருக்கணும் கண்ணு. மஞ்சளைக் கழிச்சுரு" என்பார் பாய். எந்த ரோல் வந்தாலும் கழிப்பேன். ஆள் முகம் இருந்தால்தான் வம்பு. தோலிலும் மஞ்சள் இருப்பதால் முகம் பச்சையடிக்கும்.

சின்னராசு ரோலைக் கொடுத்த அன்று, "எங்க முதலாளிக்குங்க. நீங்களே தபால்ல போட்டுருங்க, பஸ்ஸு போயிரும்" என்று முகவரியை நீட்டிவிட்டு ஓடிவிட்டார். பிரிண்டை அவர் பார்க்கவே இல்லை. முதலாளி தன் தோட்டத்தை அழகாகப் பார்க்க ஆசைப்படுவார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். முகமே இல்லாத ரோல், ஆகவே இஷ்டத்துக்கு இழுத்தேன். ஆரஞ்சு அடங்கும் ரெட்ஸையும் விடவில்லை.

ஒரு படத்தில் மட்டும் அவர் கை இருந்தது. இலையைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டும் கை. தோல் நிறம் கெடக்கூடாதென்று அந்தக் கையைத் தனியே பிரித்து ஒதுக்க, அதைச் சுற்றி அரை மணி நேரம் செலக்‌ஷன் போட்டு, கையைக் காப்பாற்றி, இலையைப் பச்சையாக்கினேன். அந்த விரல் எதைக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை! இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

3. டெலிபோன்

பாயிடம் சொன்னேன்.

"வெளிய தெரிஞ்சா கடைப் பேரு நாறிரும் கண்ணு. கம்முனு இரு."

"அவரு குடியிருக்கற ஊடு போவுது பாய்!"

அதுவரை நான் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. சின்னராசுவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். மெட்ராஸ் முதலாளியிடம் போனில் நடந்ததை எல்லாம் சொல்லி, திருத்தாத பிரிண்ட் உடனே அனுப்புகிறேன் என்றேன்.

"போன தடவை பச்சையாக்கினேன்னு நீயே சொல்றே. இப்ப மஞ்சளாக்கி அனுப்ப மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்விதான்.

"என் பிரிண்டை நம்பவே வேண்டாங்க சார். ஒருதரம் வந்து செடியைப் பாத்துருங்க" என்றேன். போனை வைத்துவிட்டார்.

4. முதலாளி வந்தார்

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது ஸ்டூடியோ வாசலில் ஒரு கார் நின்றது. முன்னால் முதலாளி, பின்னால் சின்னராசு. காலையிலேயே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டார்களாம்.

"இவர் சொன்னது நெஜம்தான். பாதிச் செடி மொட்டையா நிக்குது. வேலையில இருக்கச் சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் நாற்காலி இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்ததும் முதலாளி அந்த எட்டு போட்டோக்களைச் சின்னராசுவிடம் கேட்டு வாங்கி மேசையில் வைத்தார்.

"இதே மாதிரி பத்து செட் போடும்மா. தோட்டத்தை வித்துடலாம்னு இருக்கேன். வாங்கறவங்களுக்குக் காட்டணும்."

நோயைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த மனிதர், ஒரு மனிதரைத் தெருவில் நிறுத்தப் பார்த்த அதே பொய்யைப் பத்துப் பிரதி கேட்கிறார்! நான் பாயைப் பார்த்தேன். பாய் தரையைப் பார்த்தார்.

"முடியாதுங்க சார்" என்றேன். "ரோல் குடுத்தது ரைட்டருங்க" என்று நெகடிவை எடுத்துச் சின்னராசு கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அவர் முதலாளியிடம் நீட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டார்.

"மருந்தடிச்சா அடுத்த வருசம் நெசமாவே பச்சையாயிருமுங்க. அப்ப எடுத்துக்கலாமுங்க."

முதலாளி அந்தச் சட்டைப் பையையே பார்த்தார். பிறகு எழுந்து, "வாய்யா, மருந்துக் கடையைக் காட்டு" என்று காருக்குப் போனார்.

அன்றிலிருந்து யார் படம் கொண்டுவந்தாலும், திறப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இது யாருக்குக் காட்ட? இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களே, எந்த நிறத்தை இழுப்பது என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்க நான் கற்றுக்கொள்ள, ஒருவர் வீடே பறிபோகும் நிலை வரவேண்டியிருந்தது.

அடுத்த வருடம் சின்னராசுவின் ரோல் வந்தது. செடிகள் தழைத்திருந்தன, ஆனாலும் அங்கங்கே பத்து இருபது மஞ்சள் இலை. நான் தொடவில்லை.